தப்பு என்று சொல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

தம்பி,

உன் போஸ்ட் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. கப்பல் கம்பெனிக்காரர்களின் காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறாய், தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மொம்பாசா, ஐந்து வருஷத்துக்குத் திரும்ப முடியாது என்று எழுதியிருக்கிறாய். போவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இருபத்து நாலு வயதுப் பிள்ளை எங்கே போக வேண்டும் என்று தாய் தீர்மானிக்கிற வழக்கம் நம் வீட்டில் இருந்ததில்லை. ஆனால் கார்டின் ஓரத்தில், இடம் போதாமல், சின்ன எழுத்தில் ஒரு வரி நெருக்கி எழுதியிருக்கிறாய்: "அன்றைக்குப் பஞ்சுக் கிட்டங்கியில் நான் பொய்தான் சொன்னேனோ என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. அப்பா சொன்னதுதான் சரியாக இருக்கும்." அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

தைரியம் குறைவதற்குள் முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பொய் சொல்லவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். உன்னைப் பொய்யன் என்று நாற்பது பேர் முன்னால் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருஷமாகத் திறக்கவில்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் விடாமல் வரிசையாகவே எழுதுகிறேன். வரிசை தவறினால் நான் என் பக்கத்துக்கு நியாயம் தேட ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு கைக்குத் தொடுவுணர்வு எப்படி வந்து சேருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சென்னையில் நான் காலேஜில் படித்தபோது, கோழிக் கருவை மெல்லிசாகச் சீவி, வெள்ளிச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கொடுப்பார்கள். முட்டைக்குள் இருக்கும் அந்தக் கருவில் முதுகுத் தண்டின் பக்கத்திலிருந்து கறுத்த நூல்கள் கிளம்பியிருக்கும். நரம்புகள். ஒவ்வொரு நூலின் நுனியும் கொஞ்சம் தடித்து, விரல் விரித்த மாதிரி இருக்கும். தோல் இன்னும் தோலாகவே ஆகியிருக்காது. அதற்குள் இந்த நூல்கள் அதைத் தேடிப் புறப்பட்டுவிடும். மனிதக் கருவிலும் அப்படித்தான். முதலில் போய்ச் சேருவது வாயைச் சுற்றி. உள்ளங்கையும் உள்ளங்காலும் பிறகு. விரல் நுனிகளில் ரேகைகள் உண்டாகும்போது அந்த ரேகைக் கரைகளின் அடியில் நரம்பு முனைகள் போய்ச் சுருண்டு, சின்னச் சின்ன முட்டைகள் போல உறைகட்டிக்கொள்ளும். சில முனைகள் மேல்தோலின் அடிவரிசைச் செல்களில் போய் ஒட்டிக்கொள்ளும். லேசாகத் தடவுவதை அறிய ஒன்று, அழுத்தத்தை அறிய ஒன்று, அதிர்வை அறிய இன்னும் ஆழத்தில் வேறொன்று. பிள்ளை பிறந்த பிறகும் இந்த வேலை முடிவதில்லை. அது தொடத் தொட முதிர்கிறது. என் வயதில் குறையத் தொடங்குகிறது. ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணைக் குற்றம் சொல்லுகிறோம். பாதிக் குற்றம் விரலுடையது.

இந்த நூலுக்கு இந்த இடம் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நான் எங்கள் பேராசிரியையைக் கேட்டேன். அந்த அம்மாள், "தெரியாது. கர்த்தர் என்று எழுதினால் மார்க் கிடையாது, தானாக என்று எழுதினாலும் கிடையாது" என்றார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற நேர்மைதான் படிப்பு என்று நினைத்தேன். தெரிந்ததைச் சொல்லுவதும் நேர்மையில் சேர்த்தி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நீ தவழ்கிற காலத்தில், வீட்டை ஒட்டிய நம் கிட்டங்கிக்குள் போய், அடுக்கியிருக்கும் பொதிகளிலிருந்து பஞ்சை எடுத்து வாயில் வைப்பாய். தின்னமாட்டாய், உதட்டில் தேய்த்துக்கொண்டே இருப்பாய். உன் அப்பா பார்த்துவிட்டு, "தரகன் மவன்லா, பஞ்சு பாக்கப் பழகுதான்" என்று சிரிப்பார். நான் பிடுங்கிப் போடுவேன். அழுக்கு, கிருமி என்பேன். உதடுதான் உனக்கு முதலில் வாய்த்த கை என்று படித்திருந்தவள் நான். இருந்தும் பிடுங்கினேன். உன்னை அதிகம் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அழுதவுடன் தூக்கினால் கெட்டுவிடும் என்று இங்கிலீஷ் புத்தகத்தில் போட்டிருந்தது. மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அந்தப் புத்தகத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

கை வெட்டுப்பட்டது உன் இருபத்திரண்டாவது வயதில். பொதி கட்டுகிற இரும்புப் பட்டை தெறித்து வலது மணிக்கட்டின் உட்பக்கம் இறங்கியது. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். கரிவாயு பஸ்ஸில் உன்னை மதுரைக்குக் கொண்டுபோனோம். பஸ் மேடு ஏற மாட்டாமல் நிற்கும்போதெல்லாம் உன் அப்பா இறங்கி நின்று டிரைவரைக் கெஞ்சினார். அங்கே டாக்டர் அறுந்த நரம்பின் இரண்டு முனைகளையும் தேடி எடுத்துச் சேர்த்துத் தைத்தார். புண் ஆறிவிட்டது. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் செத்துக் கிடந்தன. சூடான காபித் தம்ளரைப் பிடித்துக் கொப்புளம் வந்தது உனக்கே தெரியவில்லை. என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஜெசிந்தாள் டீச்சர் காட்டின பிறகு பார்த்தாய்.

தளவாய்புரத்திலிருந்து எலும்பு கட்டுகிற வைத்தியரை உன் அப்பா அழைத்து வந்தார். அவர் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் கண்ணை மூடச் சொல்லி விரலில் நகத்தால் கீறினார். "எம்மா, இது வந்தாலும் பழைய கையா வராது. வேற தொழில் பாருங்க" என்றார்.

நான், "நரம்பு வளரும் வைத்தியரே. நான் படிச்சிருக்கேன்" என்றேன்.

"வளரும்மா. புடலங்கொடியுந்தான் வளருது. நம்ம பந்தல்லதான் ஏறும்னு யாரு சொன்னா?"

உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வைத்தியர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் காத்திருந்து, குருட்டு வைத்தியம் என்று சொன்னேன். பிறகு உன்னிடமும் உன் அப்பாவிடமும் அடித்துச் சொன்னேன்: அறுந்த இடத்திலிருந்து நரம்பு மறுபடி வளரும், ஏழெட்டு மாதத்தில் விரல் நுனிக்கு வந்து சேரும், அவன் அப்பாவைப் போலத் தரகனாகித் துண்டு போடத்தான் போகிறான் என்று. படித்தவள் வாக்கு என்று உன் அப்பா நம்பினார். வேறு வேலை தேடுகிற பேச்சு அன்றோடு நின்றது. என் முதல் தப்பு அது. ஆனால் அது மட்டும் என்றால் இந்தக் கடிதம் வேண்டியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார். ஆராதனை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கூடக் கழற்றாமல் நீ ஜன்னல் பக்கம் உட்காருவாய். உன் கண்ணைக் கைக்குட்டையால் கட்டுவேன். ஜட்கா குதிரையின் வால் மயிர் ஒன்றைத் தீக்குச்சியில் கட்டி வைத்திருந்தேன். அதன் நுனியால் உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கித் தொட்டுக்கொண்டே போவேன். "பட்டது", "படல" என்று சொல்லுவாய். உணர்வு முடிகிற இடத்தில் பேனாவால் கோடு போடுவேன். ஒவ்வொரு வாரமும் கோடு கொஞ்சம் மேலே ஏறியது. ஒரு நெல்லின் நீளம், சில வாரம் அதுவும் இல்லை. முதல் தடவை, நீ கருவாக இருந்தபோது, அந்த நூல்கள் போக வேண்டிய தூரம் மிகக் குறைவு. கையே ஒரு மொட்டு. இரண்டாம் தடவை அதே நூல் முழு ஆளின் கையைக் கடக்க வேண்டியிருக்கிறது. வழிகாட்டப் பழைய நரம்பின் வெறும் உறைகள் மட்டும் உள்ளே குழாய் குழாயாகக் கிடக்கின்றன. எந்தக் குழாய்க்குள் நுழைகிறதோ அந்த ஊருக்குத்தான் போய்ச் சேரும்.

சோதனைக்கு ஒரு விதி உண்டு. சோதிக்கப்படுகிறவனுக்கு அவன் பதில் சரியா தப்பா என்று சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த பதிலை அவன் ஊகித்துச் சொல்லுவான், அளவு கெட்டுவிடும். நீ ஒவ்வொரு தரமும், "சரியாம்மா?" என்பாய். நான், "சரி தப்பு சொல்லமாட்டேன். பட்டத மட்டும் சொல்லு" என்பேன். நீ ஒரு தடவை, "பரீட்சைப் பேப்பரத் திருப்பித் தராத வாத்தியாரு ஒங்களப் போலப் பாத்ததில்ல" என்று கேலி செய்தாய். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் மாதம் உணர்வு விரல் நுனிகளுக்கு வந்துவிட்டது. வீட்டில் பால் பாயசம் வைத்தோம். அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, உன் ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டுவிட்டு எந்த விரல் என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், "நடுவிரல்" என்றாய். மறுபடி தொட்டேன். நடுவிரல். வேறு விரல்களைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து தொட்டேன். நடுவிரல். "சரியாம்மா?" என்றாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தால் இல்லை தம்பி, சந்தோஷத்தால். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த ஒன்றை என் கண்ணால் பார்க்கிறேன். நடுவிரலுக்குப் புறப்பட்ட நூல்கள் வழிமாறி ஆள்காட்டி விரலின் உறைக்குள் போய் ஏறியிருக்கின்றன. விரலில் தொட்டால் செய்தி மூளைக்குப் போகிறது, மூளையோ பழைய விலாசத்தையே படிக்கிறது. அன்றைக்கு நோட்டில் தேதி போட்டு விவரமாக எழுதினேன். இன்னும் சில வாரம் குறித்துக்கொண்டு, சென்னைக்கு, என் பேராசிரியைக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதுவரை நீ சுத்தமான சாட்சியாக இருக்க வேண்டும். அதனால் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதை எழுதாமல் விட்டால் இதுவும் பாதி உண்மைதான். வைத்தியர் சொன்னபடியே ஆகிவிட்டது என்று உன் அப்பாவிடம் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியாகவும் கூடும். ஆனால் அதற்கு நீ கண்ணைத் திறந்து, எந்த விரல் தொடப்படுகிறது என்று பார்த்துப் பார்த்து மூளைக்குப் புது விலாசம் பழக்கியிருக்க வேண்டும். நான் வாரம் தவறாமல் உன் கண்ணைக் கட்டினேன். தப்பான பதிலைச் சொல்லவிட்டு, தப்பு என்று சொல்லாமல் இருந்தேன். உன் கையை நம்பும்படி உன்னைப் பழக்கியவள் நான்தான்.

இதற்கிடையில் மில் சங்கு ஊதிவிட்டது. சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் தெருவில் பேசிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் போகட்டும் என்று பேனாவை வைத்துவிட்டு நின்றேன். அடுத்ததை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

துண்டுக்குள் விலை பேசுவதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. வாங்குகிறவரும் தரகரும் கையை நீட்ட, மேலே துண்டு போட்டு மறைத்துக்கொள்ளுகிறார்கள். எந்த விரலை அழுத்துகிறார், எத்தனை தரம் என்பதில் விலை இருக்கிறது; ஆள்காட்டி விரலைவிட நடுவிரலுக்கு விலை அதிகம். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. தொட்டவருக்கும் தொடப்பட்டவருக்கும் மட்டும் தெரிந்த பேச்சு. அதை மாற்றிச் சொன்னவனுக்குப் பஞ்சுப் பேட்டையில் பேர் ஒன்றுதான்.

உனக்கு இருபத்து மூன்று வயது நடக்கும்போது உன் அப்பா தன் துண்டை உன் தோளில் போட்டார். அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லையா அண்ணாச்சி வாங்க வந்திருந்தார். சுந்தரபாண்டியத்து விவசாயிகளின் பஞ்சு. நம் கிட்டங்கியில் பேரம். எடைபோடுகிற மாடசாமி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கும் கிட்டங்கிக்கும் நடுவிலுள்ள கதவு ஒருக்களித்திருந்தது. நான் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து அங்கேயே நின்றேன். நீ விவசாயிகளிடம் விலையைச் சொன்னாய், அவர்கள் தலையாட்டினார்கள், எடை ஏறியது. முடிந்த பிறகு அண்ணாச்சி சொன்ன விலை அதைவிடக் குறைவாக இருந்தது.

"நடுவிரலத் தொட்டேன்னு சொல்லுதான்!" அண்ணாச்சியின் குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. "முப்பது வருசமா துண்டு போடுதேன். எந்த வெரலத் தொட்டேன்னு எனக்குத் தெரியாதா? ஆள்காட்டி வெரலு!"

உன் அப்பா உன் பக்கம் திரும்பினார். "ஏலே, எந்த வெரலத் தொட்டாவ?"

"நடுவிரல்ப்பா."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னப்பா இருக்கு? நடுவிரல்தான்."

கூட்டத்தில் யாரோ, "பழைய தரகருக்குக் கை சுத்தம், புதுத் தரகருக்கு வாய் நீளம்" என்றான். சிரித்தார்கள். விவசாயிகளுக்கு அதிக விலை சொல்லி நல்ல பேர் வாங்கப் பார்த்தாய் என்று இன்னொருவன். உன் அப்பா, "அண்ணாச்சி பொய் சொல்லமாட்டாவ. நீதாம்லே பொய் சொல்லுத" என்று சொல்லி, உன் தோளிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டார். நீ வாசல் வழியாகப் போகவில்லை. நான் நின்ற கதவைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே போனாய். "அம்மா, நடுவிரல்தாம்மா" என்றாய். என் கையில் மோர்ச் செம்பு இருந்தது. "மோர் குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

அதை நினைக்கும்போதெல்லாம் நான் எழுந்து நடக்கிறேன். பத்து நாளில் நீ தூத்துக்குடிக்குப் போய்விட்டாய். போகட்டும், சில மாதத்தில் சூடு ஆறும், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு மாதமும் சொல்லுவது இன்னும் கடினமாயிற்று, ஏனென்றால் ஏன் போன மாதம் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பேராசிரியைக்கு எழுதவும் இல்லை. ஒருநாள் நோட்டைப் புரட்டியபோது வேறொன்றையும் பார்த்தேன். கடைசி இரண்டு மாதம் நான் எழுதியிருப்பதில் புதிதாக ஒன்றும் இல்லை. கோடு நகரவில்லை, பதில்கள் மாறவில்லை. சோதனையை நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் ஞாயிறுதோறும் உன்னை உட்கார வைத்தேன். உனக்குப் பத்து வயதான பிறகு உன் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு காரணம் கிடைத்ததில்லை. அதையும் விஞ்ஞானம் என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

உன் கார்டு வந்த மறுநாள், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த உன் அப்பாவிடம் நோட்டைக் கொடுத்தேன். "அன்னைக்குத் தம்பி பொய் சொல்லல" என்றேன்.

"முடிஞ்ச கதைய எதுக்கு எடுக்க?"

"படிச்சுப் பாருங்க. கிட்டங்கி விசயத்துக்கு முந்தின தேதி."

அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். என் கையெழுத்தை அவர் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. கையை நீட்டச் சொல்லி, அவர் விரலிலேயே தொட்டுக் காட்டி விளக்கினேன்.

"அப்போ அண்ணாச்சி தொட்டது ஆள்காட்டி வெரலுதான்?"

"ஆமா."

"இவனுக்குப் பட்டது நடுவெரலு?"

"ஆமா."

"ரெண்டு பேரும் நெசந்தான் சொல்லிருக்காவ." கண்ணாடியைக் கழற்றினார். "பொய் சொன்னது நான் மட்டுந்தான்."

"நீங்க தெரியாமச் சொன்னிய. நான் தெரிஞ்சே சும்மா நின்னேன்."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தேவலை. "கதவத் தொறந்துட்டு வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா, டீச்சரம்மா" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம்" என்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம்.

செல்லையா அண்ணாச்சி கடையில் எங்களை உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் நம்பவில்லை. "எம்மா, நீங்க படிச்சவிய. ஆனா பெத்தவியளும்லா? புள்ளைக்காகச் சொல்லுதியளோன்னு ஒரு இது" என்றார். நோட்டைக் காட்டினேன். தேதியைப் பார்த்தார். தன் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டார். "அவன் மூஞ்சி எனக்கு மறக்கல. பொய் சொல்லுதவன் மூஞ்சி அப்படி இருக்காது. ஆனா என் வெரலு எனக்குத் தெரியும்லா, நான் என்ன செய்ய?" என்றார். பிறகு, "இங்க வந்து சொன்னிய, சரி. எனக்கும் ஒங்களுக்கும் தீந்துச்சு. நாப்பது பேரு முன்னால நான் சொன்னதுக்கு எங்கிட்ட மட்டும் வந்து சொன்னா எப்படித் தீரும்? எல்லாரும் கேக்கும்படிச் சொல்லுங்க. நானும் நின்னு ஆமாங்கேன்" என்றார்.

எழுந்து வரும்போது அவரே இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணு யோசிச்சுக்கிடுங்கம்மா. இது வெளிய தெரிஞ்சா, அந்தப் பய கைய பொறவு ஒருத்தனும் துண்டுக்குள்ள வாங்க மாட்டான். பொய்யன்னு சொன்னா ஒரு நாளைக்கு மறந்துருவான். கை கோளாறுன்னா மறக்க மாட்டான்."

அதனால்தான் உனக்குத் தெரிந்ததையெல்லாம் இப்படி வெளியாளுக்கும் விளங்கும்படி எழுதியிருக்கிறேன். நீ சம்மதித்தால் நம் சபைப் பத்திரிகையில் போட, இதைப் படிக்காமலே ஆசிரியர் ஒப்புக்கொண்டார். பேட்டையில் பாதிப் பேர் அதைப் படிக்கமாட்டார்கள். கிட்டங்கியில் எல்லோரும் கூடும் நாளில் உன் அப்பாவே உரக்க வாசிக்கிறேன் என்கிறார். அண்ணாச்சி பக்கத்தில் நிற்பார். நானும் நிற்பேன், இந்தத் தடவை கதவுக்கு இந்தப் பக்கம். ஆனால் இது உன் கை. இதை வாசித்தால் நீ பொய்யன் இல்லை என்பது தெரியும். நீ இனி இந்த ஊரில் துண்டு போட முடியாது என்பதும் தெரியும். பெண் கொடுக்க நினைக்கிற வீட்டாரும் உன் கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். வாசிக்காவிட்டால் கை உன் ரகசியமாக இருக்கும், பழி ஊர் சொத்தாக இருக்கும். எது பெரிது என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதை எழுதமாட்டேன். உனக்காக நான் ஒரு தடவை தீர்மானித்தது போதும்.

புத்தி சொல்லாமல் தாய் கடிதம் முடியாது என்பார்கள். இரண்டு சொல்லுகிறேன். கப்பலில் உனக்கு நேரம் இருக்கும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, தொடும் விரலின் பேரைச் சொல்லு. பிறகு கண்ணை மூடிச் சொல்லு. திறந்து பார். தப்பாக இருந்தால் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள். எத்தனை மாதம் ஆகும், முழுதும் சரியாகுமா என்று கேட்காதே. தெரியாது. இரண்டாவது, உன்னை நன்றாக அறிந்த ஒருவர் உன்னைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அவர் தாயாக இருந்தாலும், நாளைக்கு உன் மனைவியாக இருந்தாலும், விடாதே. சொல்லுகிறவரைக்கும் கேள். நீ என்னிடம் வாராவாரம் கேட்டாய், மரியாதைக்காக நிறுத்திக்கொண்டாய். அந்த மரியாதை எனக்குத் தகுந்ததில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த தபாலிலேயே கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டு, உன்னைப் பற்றிய சந்தேகத்தை மட்டும் உன்னோடு கப்பலில் எடுத்துக்கொண்டு போவாய். அது வேண்டாம். என்மேல் கோபத்தை எடுத்துக்கொண்டு போ. சந்தேகத்தை இங்கே விட்டுவிடு.

உன் அப்பா சனிக்கிழமை ரயிலில் தூத்துக்குடிக்கு வருகிறார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு வார்த்தை வராது. வந்தால் நின்றுகொண்டே இருப்பார், எதிரில் உட்காரச் சொல். நீ படித்து முடிக்கும்வரை அவர் அங்கேயே இருப்பார். படித்துவிட்டு உன் பதிலை அவரிடமே சொல். வேண்டாம் என்றால் தாளை அவரிடம் திருப்பிக் கொடு, அடுப்பு இங்கே இருக்கிறது. நான் பேட்டையில் ஒவ்வொரு வீடாகப் போய், கையைப் பற்றிப் பேசாமல், என் மகன் பொய் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லுகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். உன் சம்மதம் வராமல் இதில் ஒரு வரியையும் வேறொருவர் படிக்கப் போவதில்லை.

உன் அம்மா